கனமழை என்றால் எவ்வளவு மழை?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் இருவர் சந்தித்துப் பேசுவது மழையைப் பற்றித்தான். "கனமழை என்று டி.வி.யில் சொன்னார்களே, ஒரு தூறல்கூட இல்லையே ஸார்!" என்று ஒருவர் சலித்துக்கொள்வார். "சொன்ன அன்று பெய்யாது, சொல்லாத அன்று கொட்டும்" என்பார் மற்றவர். வானிலை அறிக்கையைக் கேலி செய்வது நம்மில் பலருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த அறிக்கையில் வரும் 'கனமழை', 'ஓரிரு இடங்களில்', 'ஆரஞ்சு எச்சரிக்கை' போன்றவை வெறும் வர்ணனைச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்து நிர்ணயித்த பொருள் உண்டு. அந்த அளவு தெரியாதவருக்கு அறிக்கை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் செய்தி. தெரிந்தவருக்கோ, குழந்தையை இன்று பள்ளிக்கு அனுப்பலாமா, அலுவலகத்திலிருந்து எப்போது கிளம்பலாம் என்று முடிவு செய்ய உதவும் தகவல்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 35 ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு மழை என்பது ரசிக்கும் பொருளாக இருந்ததைவிட அளக்கும் பொருளாகவே இருந்தது. அந்த அளவுகளைப் பற்றியும், அவற்றுக்குப் பின்னால் உள்ள எளிய விஞ்ஞானத்தைப் பற்றியும் நம் சங்க வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

காற்றுக்கும் எடை உண்டு

நாம் ஒரு காற்றுக் கடலின் அடித்தளத்தில் வாழ்கிறோம். நம் தலைக்கு மேல் உள்ள காற்று, கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. இதைத்தான் காற்றழுத்தம் என்கிறோம். பாரோமீட்டரில் இதன் சராசரி அளவு 1013 மில்லிபார். இப்போது ஹெக்டோபாஸ்கல் என்ற பெயரில் சொல்கிறார்கள். பெயர்தான் புதிது, எண் அதேதான்.

மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. ஐந்தரை கிலோமீட்டர் உயரம் சென்றால் காற்று மண்டலத்தின் பாதி எடை நமக்குக் கீழே போய்விடும். மேகம், மழை, இடி, புயல் எல்லாம் நடப்பது இந்த மண்டலத்தின் அடி அடுக்கில்தான். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதன் உயரம் சுமார் 16 முதல் 18 கிலோமீட்டர். மும்பையிலிருந்து ரயிலில் கர்ஜத் போகும் தூரம் 100 கிலோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த உயரத்துக்குள்தான் நம்முடைய எல்லா மழையும் உருவாகிறது!

ஓரிடத்தில் தரை சூடானால் அங்குள்ள காற்றும் சூடாகி, விரிந்து, லேசாகி மேலெழும். அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்ப, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து காற்று ஓடி வரும். இந்த ஓட்டமே நாம் உணரும் காற்று. கோடையில் நம் நாட்டின் வடமேற்குப் பகுதி கொதிக்கிறது. கடலோ அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. எனவே பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெகு தொலைவிலுள்ள இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று நம் நாட்டை நோக்கிக் கிளம்புகிறது. பூமி சுழல்வதால், பூமத்திய ரேகையைத் தாண்டியதும் அந்தக் காற்று தன் வலப்புறமாகத் திரும்பித் தென்மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்தில் ஜூன் 1, மும்பையில் ஜூன் 11 என்பவை அது வந்து சேரும் சராசரித் தேதிகள். நாடு முழுவதும் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இந்த நான்கு மாதங்களில் கிடைப்பதே.

காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

கடலின் மேல் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வரும் இந்தக் காற்று சும்மா வருவதில்லை. நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. எவ்வளவு சுமக்க முடியும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். அதாவது காற்று குளிரக் குளிர அதன் பை சுருங்குகிறது.

ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் 80 சதவீதம் ஏற்கெனவே காற்றில் இருக்கிறது என்று பொருள். மும்பையில் 32 டிகிரியிலேயே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுதான். பை ஏறக்குறைய நிறைந்திருப்பதால் நம் வியர்வை ஆவியாகிக் காற்றில் கலக்க இடமில்லை. தில்லியில் மே மாதம் 40 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே உலர்கிறது. அங்கே நன்றாக வேலை செய்யும் ஏர் கூலர் இங்கே உதவாமல் போவதற்கும் இதே காரணம்தான்.

இனி மழையின் சூத்திரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஈரக் காற்று மேலே ஏற வேண்டும். ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் பை சுருங்கும், சுமக்க முடியாத நீராவி துளியாகும். சைக்கிள் டியூபிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரியும் காற்று குளிரும் என்பதற்கு அதுவே சான்று.

நீராவி துளியாக மாறுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். கடல் உப்பின் நுண்துகள், தூசி, புகை ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. மேகத் துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதனால்தான் அது கீழே விழாமல் மிதக்கிறது. இத்தகைய சுமார் பத்து லட்சம் துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி உருவாகும். வானில் மேகம் இருந்தும் மழை பெய்யாத நாட்களின் ரகசியம் இதுவே.

கர்ஜத்திலிருந்து புனே வரை ஒரு பாடம்

இந்தச் சூத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஜூலை மாதத்தில் ஒரு நாள் மும்பையிலிருந்து புனேவுக்கு ரயிலில் போய் வாருங்கள். மொத்தம் 192 கிலோமீட்டர் தூரத்தில் மழை விஞ்ஞானம் முழுவதும் ஜன்னல் வழியாகத் தெரியும்.

கர்ஜத்தில் வண்டி நிற்கிறது. நாம் வடா பாவ் வாங்கும் நேரத்தில் பின்னால் பாங்கர் என்ஜின்களை இணைக்கிறார்கள். இங்கிருந்து லோனாவாலா வரை 28 கிலோமீட்டர் தூரம் போர் காட் எனப்படும் மலைப்பாதை. 1863இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் ஏற்றம் 37க்கு 1. அதாவது ஒவ்வொரு 37 மீட்டர் தூரத்துக்கும் வண்டி ஒரு மீட்டர் உயர்கிறது. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேல் உள்ள லோனாவாலாவை அடைய இந்த ஏற்றம் தேவைப்படுகிறது.

நம் வண்டி ஏறுவது போலவே அரபிக் கடலிலிருந்து வரும் காற்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறியாக வேண்டும். அதற்குப் பாங்கர் என்ஜின் பின்னால் வரும் காற்றின் தள்ளுதல்தான். கரையில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். அதில் கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். மேகம் உருவாகும் வரை, மேலேறும் காற்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிரும். அரை கிலோமீட்டர் ஏறினால் 5 டிகிரி குறைந்து 25 டிகிரி ஆகிவிடும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியது 23 கிராம்தான். பை நிறைந்துவிட்டது! ஆகவே ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. கண்டாலா நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு மறைந்து, வெள்ளைப் புகை போல மேகம் பெட்டிக்குள்ளேயே நுழைகிறதே, அது இந்தக் கணக்கின் விடைதான்.

மேகம் உருவானதும் இன்னொன்று நடக்கிறது. நீராவி தண்ணீராகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 600 கலோரி. கடலில் அந்த நீரை ஆவியாக்கச் சூரியன் செலவழித்த வெப்பமே அது. இப்போது வட்டியில்லாக் கடன் போலத் திரும்பி வருகிறது. இந்த வெப்பத்தால் காற்று மேலும் உந்தப்பட்டு இன்னும் உயரே ஏறும். இடி மேகங்கள் 15 கிலோமீட்டர் உயரம் வரை கோபுரமாக எழுவதற்கும், கடலில் புயல் வலுப்பெறுவதற்கும் எரிபொருள் இதுதான்.

லோனாவாலாவில் ஆண்டுக்கு 400 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அங்கே சிக்கி வாங்கிக்கொண்டு மேலும் 64 கிலோமீட்டர் பயணம் செய்தால் புனே வருகிறது. குடையை மடக்கிவிடலாம். மலையைத் தாண்டிய காற்று கீழிறங்குகிறது. இறங்கினால் சுருங்கும், சூடாகும், பை மறுபடி பெரிதாகும், மேகம் கரையும். புனேயின் ஆண்டு மழை சுமார் 70 முதல் 75 சென்டிமீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு! நம் தமிழ்நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தில் காய்ந்திருப்பதும் இந்த மலைத் தொடரின் மறைவில் இருப்பதால்தான். நம் ஊர் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்துக்காகக் காத்திருக்கின்றன.

மழைக்கு மில்லிமீட்டர் எதற்கு?

தண்ணீரை லிட்டரில் அளக்கிறோம். மழையை மட்டும் ஏன் துணி அளப்பது போல மில்லிமீட்டரில் அளக்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. பெய்த மழை ஓடாமல், உறிஞ்சப்படாமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சரியாக ஒரு லிட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பெருக்கல் கணக்கு.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். அதில் 65 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆறாயிரம் லிட்டர். உங்கள் ஹவுசிங் சொஸைட்டி ஓர் ஏக்கர் நிலத்தில் இருந்தால் அதே மழையில் அங்கே விழும் தண்ணீர் 2 லட்சத்து 63 ஆயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள 26 டாங்கர் லாரிகளை உங்கள் வாசலில் திறந்துவிட்டதற்குச் சமம்.

மழைமானியைத் தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து அளவெடுப்பது இந்தியா முழுவதும் உள்ள வழக்கம். முந்தைய நாள் காலை 8.30லிருந்து பெய்தது எல்லாம் அதில் அடங்கும். ஆகவே 20ஆம் தேதி மாலை கொட்டிய மழை, 21ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். செய்தித்தாளில் தேதி மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டியதில்லை.

சொற்களும் அளவுகளும்

இனி தலைப்புக்கு வருவோம். 24 மணி நேரத்தில் பெய்யும் மழையை இந்திய வானிலைத் துறை இவ்வாறு வகைப்படுத்துகிறது:

லேசான மழை - 2.5 முதல் 15.5 மி.மீ. வரை
மிதமான மழை - 15.6 முதல் 64.4 மி.மீ. வரை
கனமழை - 64.5 முதல் 115.5 மி.மீ. வரை
மிகக் கனமழை - 115.6 முதல் 204.4 மி.மீ. வரை
அதி கனமழை - 204.5 மி.மீ. மற்றும் அதற்கு மேல்

'மிக' என்ற ஓர் எழுத்துக் கூட்டத்தின் விலையைப் பாருங்கள். கனமழை, மிகக் கனமழை என்று அறிவிப்பாளர் ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போகிறார். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன. தண்ணீரின் அளவிலோ இரண்டாவது முதலாவதைப் போல இரு மடங்காகவும் இருக்கலாம்.

அடுத்து இடம். ஒரு மாவட்டத்தில் அல்லது வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் 'ஓரிரு இடங்களில்' என்பார்கள். 26 முதல் 50 சதவீதம் என்றால் 'சில இடங்களில்'. 51 முதல் 75 வரை 'பல இடங்களில்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்களில்'. ஆகவே 'ஓரிரு இடங்களில் கனமழை' என்ற அறிவிப்புக்குப் பின் நம் தெரு காய்ந்திருந்தால் அறிவிப்பு பொய்த்துவிட்டதாக அர்த்தமில்லை. நான்கில் மூன்று பங்கு இடங்களில் அந்தக் கனமழை இராது என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

கடலில் உருவாகும் சின்னங்களுக்கும் இப்படியே. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவான காற்று சுழன்றால் தாழ்வுப் பகுதி. அதற்கு மேல் 50 வரை தாழ்வு மண்டலம். ஏறத்தாழ 62ஐத் தொட்டால் புயல் என்று பெயர் சூட்டுவார்கள். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால் இந்தப் படிகளின் கடுமை புரியும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை அனுமதிப்பதில்லை என்ற விதி இருந்தது. கணக்கில் புயல் என்ற பெயர் வருவதற்கு முன்பே ரயில் நின்றுவிடும்!

சாந்தாகுரூஸும் கொலாபாவும்

அளவும் இடமும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதை மும்பை மறக்க முடியாத ஒரு நாள் கற்றுக்கொடுத்தது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26. மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். ஜூலை மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். அதி கனமழை என்ற வரம்பைப் போல நாலரை மடங்கு. முன்பு சொன்ன ஓர் ஏக்கர் கணக்கில் 380 டாங்கர்!

அதே 24 மணி நேரத்தில் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது 74 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, வழக்கமான மழைதானே என்று எண்ணிப் புறநகருக்குக் கிளம்பினார்கள். அன்று அவர்கள் பார்த்த வானத்துக்கும் வீட்டின் மேல் இருந்த வானத்துக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது நேரம். 944 மில்லிமீட்டரும் நாள் முழுதும் பரவலாகப் பெய்யவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பெரும்பகுதி கொட்டியது. ஒரு மணி நேரத்தில் மட்டும் 190 மில்லிமீட்டர் வரை பதிவாயிற்று. மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஏழு மடங்குக்கு மேல் தண்ணீர் வந்தால் கால்வாய் என்ன செய்யும்? போதாக்குறைக்கு அதே பிற்பகலில் கடலில் ஏற்றம். கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது கால்வாயின் வாய் கடலுக்குள் மூழ்கிவிடும். தண்ணீர் வெளியேறாது, சில இடங்களில் திரும்பி உள்ளே வரும். மித்தி நதி கரைபுரண்டது. மின்சார ரயில்கள் நின்றன. லட்சக்கணக்கானோர் தண்டவாளங்களின் மீது நடந்து வீடு திரும்பினார்கள். நகரில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தண்ணீர் ஏறிய பின்னும் மூடிய காருக்குள் காத்திருந்து மூச்சுத் திணறி மாண்டவர்களும் அவர்களில் உண்டு.

இதிலிருந்து தெரிவது என்ன? 65 மில்லிமீட்டர் மழை 24 மணி நேரமும் நிதானமாகப் பெய்தால் மணிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. குடை பிடித்து நடந்துவிடலாம். அதே 65 மில்லிமீட்டர் ஒரே மணி நேரத்தில் பெய்தால் பழைய கால்வாய்களின் சக்தியைப் போல இரண்டரை மடங்கு. தாழ்வான சப்வேக்கள் மூழ்கிவிடும். இரண்டுமே அறிக்கையில் கனமழைதான். ஆகவே எவ்வளவு மழை என்பதோடு எவ்வளவு நேரத்தில் என்பதையும் கடலின் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாக முடிவெடுக்க முடியும்.

2005இல் மும்பையில் டாப்ளர் ரேடார் கிடையாது. இன்று கொலாபாவில் ஒன்றும், 2022இல் வேராவலியில் அமைந்த மற்றொன்றும் இருக்கின்றன. மேகத்தில் உள்ள துளிகள் எவ்வளவு, எத்திசையில், எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதை இவை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. இதைக்கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலைத் துறை வெளியிடுகிறது. ஒரு தனி இடி மேகத்தின் அகலம் பத்துக் கிலோமீட்டர்கூட இராது, ஆயுளோ ஒரு மணி நேரம் போல. அது செம்பூரில் எழுமா முலுண்டில் எழுமா என்று முதல் நாளே எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. முதல் நாள் அறிக்கை மாவட்டத்துக்கு, மூன்று மணி நேர அறிக்கை நமக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்கு வண்ணங்கள்

சிக்னல் விளக்கு போல எச்சரிக்கைக்கு நான்கு வண்ணங்கள் இருக்கின்றன. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராயிரு. சிவப்பு என்றால் செயல்படு. ரயிலில் மஞ்சளைப் பார்த்த டிரைவர், அடுத்த சிக்னல் சிவப்பாக இருக்கும் என்று எண்ணியே வேகத்தைக் குறைக்கிறார். அடுத்தது பச்சையாக மாறிவிட்டால் யாரும் முந்தைய மஞ்சளைப் பொய் என்று திட்டுவதில்லை. வானிலைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

ரயில்வே பாலங்களின் தூண்களில் அபாய அளவையும், இதுவரை வந்த வெள்ளத்தின் உச்ச அளவையும் வெயில் காலத்திலேயே பெயிண்டால் குறித்துவைப்பார்கள். மழைக்கால இரவுகளில் ரோந்து செல்லும் தொழிலாளி கையில் விளக்கோடு வந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறார். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் அவர் யாரிடமும் ஆலோசனை கேட்க வேண்டியதில்லை. எது அபாயம் என்பது நிதானமான ஒரு நாளில் முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு கோட்டைப் போட்டுவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆரஞ்சு என்றால் வயதானவர்களின் ஒரு வார மருந்து கையில் இருக்கிறதா, போன் சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றைய கடல் ஏற்ற நேரத்தைச் செய்தித்தாளில் கவனியுங்கள். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றமும் பலத்த மழையும் ஒரே நேரத்தில் வருமானால் அந்த வேளையில் பயணம் வேண்டாம். சிவப்பு என்றால் வெளியே போகாதீர்கள். ஏற்கெனவே அலுவலகத்தில் இருந்தால், அங்கேயே பத்திரமாகத் தங்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால் நடுவில் திறந்த மான்ஹோல் இருக்கலாம். கம்பால் தட்டிப் பார்த்து, கூட்டமாக, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மின்கம்பம் எதையும் தொடக்கூடாது. காரைச் சுற்றித் தண்ணீர் ஏறினால் கண்ணாடியை இறக்கிவிட்டு உடனே வெளியேறுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்கள், எலிக்காய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கையாக டாக்டரைப் பார்ப்பது நல்லது.

கடைசியாக வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை, பூஜ்யம் உள்ளே இருக்கும் தண்ணீரின் அடிமட்டத்துக்கு நேராக வரும்படி வெளியே ஒட்டுங்கள். மரமும் சுவரும் மறைக்காத மொட்டை மாடியில் அது காற்றில் சாயாதபடி வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவைக் குறித்துக்கொண்டு ஜாடியைக் காலி செய்யச் சொல்லுங்கள். குறித்த எண்ணை அன்றைய செய்தித்தாளில் வரும் சாந்தாகுரூஸ், கொலாபா எண்களோடு ஒப்பிடட்டும். ஒரு பருவம் முழுதும் இப்படி எழுதிவைத்த பிள்ளைக்கு, கனமழை என்றால் எவ்வளவு மழை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிராது.